இளையோர் மனநெருக்கடியும் இல்லம் நாடிச் செல்லும் மனநலப் பணியும்: வீராம்பட்டினத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

மனநெருக்கடிக்கு உள்ளான இளையோரை மருத்துவமனைக்கு வரவழைப்பதற்கு மாறாக, பயிற்சி பெற்ற மனநலப் பணியாளர் அவர்கள் இருக்கும் இடத்திற்கே செல்வது நடமாடும் நெருக்கடிப் பணி எனப்படும். மேலைநாடுகள் சிலவற்றில் இது நிறுவப்பட்ட சேவையாக உள்ளது. தமிழ்நிலத்தில் இதன் கூறுகள் தொலைபேசி ஆலோசனை, தன்னார்வத் தோழமை, நடமாடும் மருத்துவ ஊர்தி எனப் பிரிந்து கிடக்கின்றன. புதுச்சேரியை அடுத்த மீனவ ஊரான வீராம்பட்டினத்தைக் களமாகக் கொண்டு, இப்பணியின் படிநிலைகளையும் சட்ட எல்லைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. அகப்பாடல் மரபில் காணப்படும் வெறியாட்டு, அறத்தொடு நிற்றல் ஆகிய துறைகள் இப்பணியைப் புரிந்துகொள்ள எவ்வாறு துணைசெய்கின்றன என்பதையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மனநெருக்கடி, இளையோர், வீராம்பட்டினம், மனநலப் பராமரிப்புச் சட்டம், பாதுகாப்புத் திட்டம், வெறியாட்டு, அறத்தொடு நிற்றல்

முன்னுரை

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி, இந்தியாவில் அவ்வாண்டு 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தனர். ஒரு லட்சம் மக்களுக்கு 12.4 என்பது நாட்டின் சராசரி வீதம். புதுச்சேரியின் வீதம் 29.7. மாநிலங்களையும் ஒன்றியப் பகுதிகளையும் சேர்த்து நோக்கும்போது சிக்கிம், அந்தமான் நிக்கோபார் ஆகியவற்றுக்கு அடுத்த இடத்தில் புதுச்சேரி இருந்தது. இவ்வெண் எல்லா வயதினரையும் உள்ளடக்கியது. இளையோருக்கு மட்டும் உரியதன்று. எனினும், அதே அறிக்கை அவ்வாண்டில் இறந்தோருள் 13,044 பேர் மாணவர்கள் எனக் குறிப்பிடுவது கருதத்தக்கது.

தேசிய மனநல நரம்பியல் நிறுவனம் 2015-16இல் பன்னிரு மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுக்குட்பட்டோருள் 7.3 விழுக்காட்டினர்க்கு மனநலச் சிக்கல் இருப்பதாகக் கணித்தது. சிகிச்சை தேவைப்படுவோருள் பெரும்பான்மையினர் அதனைப் பெறுவதில்லை என்பதும் அவ்வாய்வின் முடிவாகும். சிகிச்சை கிடைக்காமைக்கு மருத்துவர் பற்றாக்குறை ஒரு காரணம். மருத்துவமனை வாசலை மிதிப்பதற்கு முன்பே குடும்பமும் இளையோரும் நின்றுவிடுவது மற்றொரு காரணம். இந்த இரண்டாம் காரணத்திற்கு விடையாகத் தோன்றியதே இல்லம் நாடிச் செல்லும் நெருக்கடிப் பணி.

களம்

வீராம்பட்டினம் புதுச்சேரி நகரத்திற்குத் தெற்கே, அரியாங்குப்பத்தை ஒட்டிக் கடலோரத்தில் அமைந்த மீனவ ஊர். பழந்துறைமுகமான அரிக்கமேடு இதன் அண்மையில் உள்ளது. ஆடி ஐந்தாம் வெள்ளியன்று நடைபெறும் செங்கழுநீர் அம்மன் தேரோட்டம் ஊரின் பெருவிழா. பிரெஞ்சு ஆட்சியில் ஆளுநர் வடம் பிடித்துத் தேரைத் தொடங்கிவைத்த வழக்கம், இன்று துணைநிலை ஆளுநர் பங்கேற்பாகத் தொடர்கிறது.

இவ்வூரைப் போன்ற கடலோர ஊர்களில் இளையோர் வாழ்வை மூன்று சூழல்கள் பாதிக்கின்றன. முதலாவது, வருவாயின் நிலையாமை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் நடைமுறையில் உள்ளது. பள்ளி இறுதித் தேர்வு முடிவுகள் பெரும்பாலும் இக்காலத்திலேயே வெளிவருகின்றன. கையிருப்பு கரைந்து கடன் வளரும் நாட்களில் மதிப்பெண் பட்டியலும் வீட்டுக்குள் வருகிறது. இரண்டாவது, கடலின் இழப்பு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை புதுச்சேரி, காரைக்கால் கடற்கரை ஊர்களைத் தாக்கியது. அன்று குழந்தைகளாக இருந்தோர் இன்று பெற்றோராக உள்ளனர். மூன்றாவது, நெருங்கிய குடியிருப்பு. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் ஒரு வீட்டின் அழுகை அடுத்த வீட்டுக்குக் கேட்கும். ஆபத்தில் உதவிக்கு ஆள் ஓடிவருவது இந்நெருக்கத்தின் நன்மை. ஆபத்து நீங்கிய பின்னும் பேச்சு நீங்காமல் இருப்பது அதன் தீமை.

புதுச்சேரியில் மருத்துவ வசதி குறைவு எனக் கூற இயலாது. 1823இல் பிரெஞ்சியர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர், மனநல மருத்துவத் துறையுடன் கோரிமேட்டில் இயங்குகிறது. இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனை நகரக் கடற்கரையை ஒட்டி உள்ளது. தொலைவு அன்று, துணிவே இங்குத் தடை. பதினாறு வயது மகளை மனநலப் பிரிவின் வரிசையில் அமரவைத்தால், நாளை அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது யார் என்ன சொல்வார்களோ எனும் அச்சம், பேருந்துப் பயணத்தைவிட நெடியது.

பணியின் தோற்றமும் முன்மாதிரிகளும்

மனநல மருத்துவர் வீட்டுக்குச் செல்லும் முறையை ஆம்ஸ்டர்டாம் நகரில் 1930களில் ஆரீ கெரிடோ உருவாக்கினார். மருத்துவமனைச் சேர்க்கையைக் குறைப்பதே அதன் தொடக்க நோக்கம். வீட்டில் பார்க்கும்போது நோயாளியோடு அவருடைய சூழலும் தெரிகிறது என்பது அதன் பேறாயிற்று. அமெரிக்காவின் யூஜின் நகரில் 1989இல் தொடங்கிய கஹூட்ஸ் எனும் சேவை, காவலரை அனுப்புவதற்கு மாறாக ஒரு மருத்துவப் பணியாளரையும் ஒரு நெருக்கடிப் பணியாளரையும் ஊர்தியில் அனுப்பியது. நியூஜெர்சி மாநிலம் இளையோர்க்கெனத் தனி அமைப்பை ஏற்படுத்தியது. அழைப்பு வந்த ஒரு மணி நேரத்திற்குள் பணியாளர் செல்லுதல், முதல் 72 மணி நேரம் நெருக்கடியைத் தணித்தல், தேவைப்பட்டால் எட்டு வாரம் வரை தொடர்ந்து நிலைப்படுத்துதல் என்பன அதன் மூன்று கட்டங்கள். எது நெருக்கடி என்பதைக் குடும்பமே முடிவுசெய்யலாம் என்பது இவ்வமைப்பின் அடிப்படைக் கொள்கை.

தமிழ்நிலத்தில் இதற்கு நிகரான முழு அமைப்பு இல்லை. ஆயினும் அதன் உறுப்புகள் உள்ளன. சென்னையில் 1986இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் நிறுவிய ஸ்நேகா, தன்னார்வலர் வழி உணர்வு ஆதரவு அளித்துவருகிறது. ஆழிப்பேரலைக்குப் பின் உறவினரை இழந்தோரைப் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் தேடிச் சென்று தோழமை அளித்ததன் பயனை, 2008இல் வெளியான அவரது ஆய்வு பதிவுசெய்தது. தேசிய மனநல நரம்பியல் நிறுவனம் ஊர்மட்டப் பணியாளர்க்கெனப் பயிற்சிக் கையேடுகளை அக்காலத்தில் உருவாக்கியது. ஸ்கார்ஃப் நிறுவனம் புதுக்கோட்டை மாவட்டத்தில் 2010இல் தொடங்கிய நடமாடும் தொலைமனநல ஊர்தி ஊர்தோறும் சென்றது. சென்னையில் உள்ள மருத்துவர் காணொலி வழி நோயரைப் பார்க்க, மருந்து ஊர்தியிலேயே வழங்கப்பட்டது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவை, 14416 எனும் எண்ணில் இருபத்துநான்கு மணி நேரமும் கட்டணமின்றித் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் ஆலோசனை வழங்குகிறது.

இவற்றை ஒருங்கே நோக்கினால் இடைவெளி எங்குள்ளது என்பது புலனாகும். தொலைபேசியில் குரல் உண்டு. மருத்துவமனையில் கட்டில் உண்டு. அக்குரலுக்கும் கட்டிலுக்கும் இடையே, இரவு ஒன்பது மணிக்கு உள்ளே தாழிட்ட அறையின் வெளியே வந்து நிற்க ஆள் இல்லை. ஸ்கார்ஃப் ஊர்தி நாள் குறித்து வரும் சேவை. நெருக்கடியோ நாள் குறித்து வருவதில்லை.

பணியின் படிநிலைகள்

நடமாடும் நெருக்கடிப் பணியாளர் என்போர் பொதுவாக மருத்துவ உளவியலாளர், மனநலச் சமூகப் பணியாளர், மனநலச் செவிலியர் ஆகியோருள் ஒருவராவர். இருவர் இணைந்து செல்வதே விரும்பத்தக்கது. ஒருவர் இளையோருடனும் மற்றவர் குடும்பத்துடனும் ஒரே நேரத்தில் பேச இது வாய்ப்பளிக்கும். இப்பணியை ஐந்து படிநிலைகளாகப் பகுக்கலாம்.

முதற்படி, அழைப்பை ஆராய்தல். அழைப்பவர் தாயா, ஆசிரியரா, நண்பரா, இளையவர் தாமே அழைக்கிறாரா என்பது முதலில் அறியப்படும். உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால், அதாவது எதையேனும் உட்கொண்டிருந்தாலோ காயம் இருந்தாலோ, 108 அவசர ஊர்திக்கே முதலிடம். மனநலப் பணியாளர் மருத்துவ அவசரத்திற்கு மாற்றாக மாட்டார்.

இரண்டாம் படி, வாசல். எவ்வுடையில் செல்வது, எவ்வூர்தியில் செல்வது என்பவை கூட இப்பணியில் மருத்துவ முடிவுகளே. ‘மனநலம்’ என எழுதிய ஊர்தி குறுகிய தெருவில் நின்றால், அவ்வீட்டின் செய்தி அன்றிரவே ஊரறிந்ததாகிவிடும். எனவே பெயர்ப்பலகையற்ற ஊர்தியும் இயல்பான உடையும் தேவைப்படுகின்றன. கூடியிருக்கும் அண்டை வீட்டாரைக் கடிந்துகொள்ளாமல், அவர்களுள் மூத்த ஒருவரிடம் கூட்டத்தை விலக்கும் பொறுப்பை ஒப்படைப்பது பயன்தரும். மீனவ ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்தின் சொல்லுக்கு மதிப்பு உண்டு. நெருக்கடி நிகழ்வதற்கு முன்பே அதன் பொறுப்பாளர்களிடம் இப்பணியை அறிமுகம் செய்துவைத்தல் வேண்டும். நிகழ்ந்த பின் ஒரு குறிப்பிட்ட வீட்டின் செய்தியை அவர்களிடம் கூறுதல் கூடாது.

மூன்றாம் படி, தனித்த உரையாடல். இரண்டு அறை கொண்ட வீட்டில் தனிமை எளிதில் கிடைப்பதன்று. மொட்டை மாடி, கொல்லைப்புறம், படகு நிறுத்திய மணல்மேடு என எதுவும் ஆலோசனை அறையாகலாம். ஆனால் பாதுகாப்பான இடமா என்பதை முதலில் உறுதிசெய்தல் வேண்டும். இங்கு எழும் இன்றியமையா வினா, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்பது. இதை நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் எனப் பெற்றோர் மட்டுமன்றி ஆசிரியரும் அஞ்சுகின்றனர். நேராகக் கேட்பது அவ்வெண்ணத்தைத் தோற்றுவிப்பதில்லை என்பது ஆய்வுகள் காட்டும் முடிவு. கேட்கப்படாமையே தனிமையை வளர்க்கிறது.

நான்காம் படி, பாதுகாப்புத் திட்டம். பார்பரா ஸ்டான்லி, கிரிகரி பிரௌன் ஆகியோர் வகுத்த முறை உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. எச்சரிக்கை அறிகுறிகளை இளையவரே இனங்காணல், தாமே செய்யத்தக்க தணிப்புச் செயல்கள், மனத்தைத் திசைதிருப்பும் மனிதரும் இடங்களும், உதவி கேட்கத்தக்க நெருங்கியோர், தொழில்முறை உதவி எண்கள், சூழலைப் பாதுகாப்பாக்குதல் என அது ஆறு கூறுகளைக் கொண்டது. இத்திட்டம் இளையவரின் சொற்களிலேயே எழுதப்பட வேண்டும். ‘மன அழுத்தம் மிகும்போது’ எனப் பணியாளர் எழுதுவதைவிட, ‘நெஞ்சுல கல்ல வச்ச மாதிரி இருக்கும்போது’ என அவர் சொல்லியவாறே எழுதுவது அவர் கைக்குப் பயன்படும். ஆறாம் கூறு குடும்பத்தின் பொறுப்பு. ஆபத்து விளைவிக்கக்கூடிய பொருள்களை எட்டாதவாறு அகற்றுதல், முதல் சில நாட்கள் தனியே விடாதிருத்தல் ஆகியவற்றைத் தண்டனையின் சாயலின்றிச் செய்யக் குடும்பத்திற்குக் கற்பிக்க வேண்டும்.

ஐந்தாம் படி, தொடர்தல். மறுநாள் அழைப்பதும், வாரத்திற்குள் மீண்டும் செல்வதும், பள்ளிக்குத் திரும்பும் முதல் நாளைத் திட்டமிடுவதும் இதில் அடங்கும். மருத்துவமனை தேவைப்படின் பணியாளர் உடன்செல்லுதல், பரிந்துரைச் சீட்டை மட்டும் கொடுத்தனுப்புவதைவிட மேலானது. ஒருவரும் தொடர்ந்து பாராத முதற்சந்திப்பு, திறந்து மூடிய புண்ணாகவே எஞ்சும்.

சட்டத்தின் எல்லைகள்

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும் எனவும், அவருக்குப் பராமரிப்பளிப்பது அரசின் கடமை எனவும் கூறுகிறது. காவல்நிலையம் செல்ல நேருமோ என அஞ்சி உண்மையை மறைக்கும் குடும்பத்திடம் பணியாளர் முதலில் எடுத்துரைக்க வேண்டிய செய்தி இதுவே.

94ஆம் பிரிவு அவசரச் சிகிச்சை பற்றியது. உயிருக்கோ உடலுக்கோ கடும் தீங்கு நேரும் நிலையில், பதிவுபெற்ற மருத்துவர் எவரும், நியமிக்கப்பட்ட சார்பாளர் இருப்பின் அவரது இசைவுடன், மருத்துவமனைக்கு வெளியேயும் சிகிச்சை அளிக்கலாம். அருகிலுள்ள மனநல நிறுவனத்திற்கு அழைத்துச் செல்வதும் இதில் அடங்கும். இதன் கால எல்லை 72 மணி நேரம். இப்பிரிவு மருத்துவருக்கு அளிக்கும் அதிகாரத்தை உளவியலாளருக்கோ சமூகப் பணியாளருக்கோ அளிக்கவில்லை. ஆகவே நடமாடும் குழு ஒன்று அமைக்கப்படின், எந்நேரமும் தொடர்புகொள்ளத்தக்க மருத்துவர் ஒருவரோடு அது இணைக்கப்பட்டிருத்தல் சட்டத் தேவையாகிறது. 18 வயது நிரம்பாதோரைச் சேர்ப்பதற்கு 87ஆம் பிரிவு தனி நெறிகளை வகுத்துள்ளது. வயது வந்தோரிடமிருந்து பிரித்துத் தங்கவைத்தல், சார்பாளர் உடனிருத்தல், 72 மணி நேரத்திற்குள் மனநல மறுஆய்வு வாரியத்திற்குத் தெரிவித்தல் ஆகியன அவற்றுள் சில.

மறைகாத்தல் இப்பணியின் உயிர்நாடி. எனினும் அது எல்லையற்றதன்று. இளையோர்க்கு உயிராபத்து உள்ளபோது பெற்றோரிடம் கூறுதல் வேண்டும். பாலியல் வன்முறை வெளிப்படின், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு தகவல் அளிப்பதைக் கட்டாயமாக்குகிறது. இவ்வெல்லைகளை உரையாடலின் தொடக்கத்திலேயே கூறிவிடுதல் நேர்மை. மனம் திறந்த பின் கூறுதல் இளையவர்க்கு வஞ்சனையாகத் தோன்றும்.

வெறியாட்டும் அறத்தொடு நிற்றலும்

இப்பணியின் உள்ளமைப்பைத் தமிழ் அகமரபு வேறொரு கோணத்தில் அறிந்திருந்தது எனலாம். குறிஞ்சித்திணைப் பாடல்கள் பலவற்றில் தலைவி மெலிகிறாள், உண்ண மறுக்கிறாள், நிறம் வேறுபடுகிறாள். காரணம் அறியாத தாய் கழங்கு பார்க்கச் செய்து, முருகு அணங்கியது எனும் முடிவை ஏற்று, வேலனை அழைத்து வெறியாட்டு நிகழ்த்துகிறாள். உண்மையை அறிந்தவள் தோழி ஒருத்தியே. தலைவிக்கு வேற்று வரைவு நேரும் இடர்ப்பாட்டில் அவள் செவிலியிடம் உண்மையை வெளிப்படுத்துவது அறத்தொடு நிற்றல். தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையர்க்கும் கூறுவதென அதற்கு ஒரு வரிசையும் உண்டு. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு முழுவதும் இத்துறையில் அமைந்ததே.

இதிலிருந்து மூன்று கருத்துகளைப் பெறலாம். முதலாவதாக, வேலனை அழைத்த தாய் மகளைப் புறக்கணித்தவள் அல்லள். தான் அறிந்த வழியில் காக்க முயன்றவள். இன்று ‘காத்து கருப்பு’ என மந்திரிக்க அழைத்துச் செல்லும் தாயும் அத்தகையவளே. அவளை அறியாமையுடையவள் எனப் பணியாளர் இகழ்ந்தால் வாசல் அடைபடும். அதேவேளை, நம்பிக்கையை மட்டும் சார்ந்து சிகிச்சையைத் துறப்பதன் விலையும் மறக்கத்தக்கதன்று. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடிக் காப்பகத் தீ விபத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயர் 28 பேர் உயிரிழந்தனர். கோயிலும் வேண்டும், மருந்தும் வேண்டும் எனும் நிலைப்பாடே குடும்பத்தை இழக்காமல் இளையவரைக் காக்கும்.

இரண்டாவதாக, உண்மை வெளிப்படுவது அதிகாரமுடையோரிடம் அன்று, நம்பிக்கைக்குரியோரிடம். இளையோரின் மனநிலை மாற்றத்தை முதலில் அறிபவர் பெரும்பாலும் நண்பரே. அந்நண்பர் யாரிடம் செல்வது என அறியாமல் மறையைச் சுமந்து தவிக்கிறார். பள்ளிதோறும் மாணவர்க்கு இதனைக் கற்பித்தல் நடமாடும் குழுவின் பணியுள் அடங்கும்.

மூன்றாவதாக, அறத்தொடு நிற்றல் மறையை உடைத்தல் அன்று. இடர் நேரும் காலத்தில், தலைவியின் நலம் நோக்கி, அவள் உள்ளம் அறிந்து, உரியவரிடம் மட்டும், உரிய அளவில் கூறுவது அது. பெற்றோரிடம் எதனைக் கூறுவது, எப்படிக் கூறுவது என்பதை இளையவரோடு கலந்தே முடிவுசெய்தல் எனும் இன்றைய நெறி இதற்கு நெருக்கமானது. செய்தி வெளிப்பட்டதும் பெற்றோர் கைப்பேசியைப் பறித்து வீட்டுக்குள் அடைத்துவைப்பதும், ஊர் பேசத் தொடங்குவதும், அகமரபு இற்செறிப்பு எனவும் அலர் எனவும் பெயரிட்ட நிலைகளே.

இவ்வொப்புமைக்கு எல்லை உண்டு. தலைவியின் மெலிவு காதலால் விளைந்தது. அதற்கு மணம் தீர்வு. மனச்சோர்வும் மனச்சிதைவும் அத்தகையன அல்ல. பாடலை மருத்துவச் சான்றாகக் கொள்ளுதல் பிழை. துன்புறும் இளம்பெண், தவறாகப் புரிந்துகொள்ளும் குடும்பம், இடைநின்று மொழிபெயர்க்கும் ஒருவர் எனும் முக்கோண அமைப்பு மட்டுமே இங்கு ஒப்புநோக்கப்படுகிறது.

மொழிபெயர்ப்பு எனும் சொல் இங்கு உவமையன்று. ‘மனசு சரியில்ல’, ‘பாரமா இருக்கு’, ‘எங்கயாவது போயிடலாம்னு தோணுது’ ஆகிய தொடர்களுள் எது சலிப்பு, எது ஆபத்து என்பதைப் பிரித்தறிவது மொழியறிவு சார்ந்தது. ‘போயிடலாம்’ என்பது ஊரைவிட்டுப் போவதா, உயிரைவிட்டுப் போவதா எனக் கேட்டுத் தெளிதல் வேண்டும். ஆங்கில வினாநிரல்களைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துக் கேட்டால், பதினைந்து வயதினர் ‘ஒண்ணுமில்ல’ என முடித்துவிடுவர். கடலோர வழக்கில் இளையோர் துயரைக் குறிக்க ஆளும் சொற்களைத் தொகுத்தல், தமிழாய்வுத் துறையும் மனநலத் துறையும் இணைந்து ஆற்றத்தக்க பணி.

பணியாளரின் சுமை

இப்பணியில் ஈடுபடுவோர் ஒவ்வொரு முறையும் அறியாத வீட்டுக்குள் நுழைகின்றனர். குடித்திருக்கும் தந்தை, இரவுப் பயணம், முடிவு உறுதியற்ற நிலையில் வீடு திரும்புதல் ஆகியன அவர்தம் அன்றாடம். ஒருவரை வீட்டிலேயே விட்டுவருவதா, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதா எனும் முடிவை ஒரு மணி நேர அறிமுகத்தைக் கொண்டு எடுக்க வேண்டியுள்ளது. சிறு ஊரில் பணியாளரே அவ்வூரினராக இருந்தால் மொழியும் உறவும் துணைசெய்யும். ஆனால் பணிநேரம் முடிந்தபின்னும் அவர் கடைத்தெருவில் அக்குடும்பத்தை எதிர்கொள்வார். இருவர் செல்லுதல், ஒவ்வொரு அழைப்பின் பின்னும் மூத்தவரோடு கலந்து பேசுதல், மாறிமாறி இரவுப்பணி ஆகியவை சலுகைகளல்ல. பணி நிலைபெற வேண்டிய அடிப்படைகள்.

முடிவுரை

1. புதுச்சேரியில் மருத்துவமனைகளும் தொலைபேசி ஆலோசனையும் உள்ளன. இவ்விரண்டையும் இணைத்து வீட்டு வாசலுக்கு வரும் இளையோர் நெருக்கடிப் பணியே இல்லாத கண்ணி.

2. ஸ்நேகாவின் தோழமை, ஸ்கார்ஃப் ஊர்தி, டெலி மானஸ் ஆகியவற்றின் பட்டறிவை இணைத்தால் இக்கண்ணியைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. வீராம்பட்டினம் போன்ற ஊர்களில் தடைக்காலமும் தேர்வு முடிவுகளும் ஒன்றுகூடும் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலத்தில் இதனைத் தொடங்கிப் பார்க்கலாம்.

3. குழுவில் மருத்துவர் தொடர்பு இருப்பது சட்டத்தாலும், அவ்வூர்ப் பேச்சறிந்த பணியாளர் இருப்பது பணியின் இயல்பாலும் இன்றியமையாதது.

4. வெறியாட்டுக் களத்தில் தாயும் இருந்தாள், வேலனும் இருந்தான், ஊரும் இருந்தது. தலைவியிடம் கேட்டறிந்தவள் தோழி மட்டுமே. கேட்டறியும் ஒருவரை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்துவதே இப்பணியின் சாரம்.

மனநெருக்கடியில் இருப்போரும் அவர்தம் குடும்பத்தினரும் 14416 எனும் டெலி மானஸ் எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.